பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு முதல் ரைபிள்: எதை வாங்குவது, எப்போது வாங்குவது?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே ரைபிளில் வெண்கலம் வாங்கியதை டிவியில் பார்த்த நாளிலிருந்து தானும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நச்சரிக்கிறாள். நான் கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்டவன். அதே மாதிரி சின்ன காலிபர் ரைபிள் ஒன்றை அவளுக்கு வாங்கித் தரலாமா? கடைக்காரர் ஒருவர் டெலஸ்கோப் மாட்டிய ஏர் கன்னைக் காட்டி இதுவே போதும் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், தன் மகன் பயன்படுத்திய ஜெர்மன் ஏர் ரைபிளை 1,20,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். மகள் இடது கைப் பழக்கம் உள்ளவள். மனைவிக்கோ வீட்டில் துப்பாக்கி வைப்பதே பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்? (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

பதில்:

வணக்கம். முதலில் .22 பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் யோசிக்க அதிகமில்லை. இப்போது வேண்டாம். உங்கள் மகள் பெயரில் வாங்கவும் முடியாது. .22 என்பது வெடிமருந்தில் இயங்கும் துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. 21 வயது நிறையாதவர் அதைச் சொந்தமாக வைத்திருக்க நம் ஆயுதச் சட்டம் இடம் தருவதில்லை. ரேஞ்சில், பொறுப்பானவர் பக்கத்தில் நிற்க, பயிற்சிக்காகச் சுடலாம். அது வேறு விஷயம். உங்கள் பெயரில் லைசென்ஸ் வாங்கி அவளுக்குக் கொடுக்கலாமே என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் .22 ஆரம்பத்துக்கு ஏற்றதில்லை. அதற்கு 50 மீட்டர் ரேஞ்ச் வேண்டும். அதன் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கக் கூடியது, ஆகவே பின்னால் மண்மேடு கட்டிய முறையான இடத்தில் மட்டும்தான் சுடலாம். அப்படிப்பட்ட இடங்கள் நம் ஊர்களில் குறைவு. .22 தோட்டா விலையும், காற்றுத் துப்பாக்கியில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டின் விலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாத அளவுக்கு வித்தியாசம். வாரத்துக்கு இருபது தோட்டா சுடும் பிள்ளையைவிட, தினமும் அறுபது பெல்லட் சுடும் பிள்ளை வேகமாகக் கற்கும். என்.சி.சி.யில் நீங்கள் படுத்துக்கொண்டு சுட்டிருப்பீர்கள். தரையே பாதிப் பாரத்தைத் தாங்கிவிடும். உங்கள் மகள் கற்கப்போவதோ நின்றுகொண்டு சுடுவது, அதுதான் கடினம். அதைக் காற்றுத் துப்பாக்கியில் கற்ற பிறகு .22 பக்கம் போவதுதான் இங்கே வழக்கமான பாதை. குசாலே பதக்கம் வாங்கியது 50 மீட்டர் .22 பிரிவில், சரிதான். ஆனால் 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கமும், 2012இல் லண்டனில் ககன் நாரங் வாங்கிய வெண்கலமும் 10 மீட்டர் ஏர் ரைபிளில் வந்தவை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவனின் ஆட்டமும் அதேதான். அவர் சுடும் வீடியோக்களை மகளுக்குக் காட்டுங்கள். சுடும்போது அவர் உடம்பில் எதுவுமே அசையாது. முதலில் அதைத்தான் அவள் பார்க்க வேண்டும்.

ஆக, ஏர் ரைபிள். குழலின் அளவு 4.5 மில்லிமீட்டர், அதாவது .177 அங்குலம். இந்த அளவில், வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, ரசீதோடு வாங்க வேண்டும். அந்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும்போது யாராவது நிறுத்திக் கேட்டால் அதுதான் பதில் சொல்லும்.

ஆனால் இதையும் உடனே வாங்காதீர்கள். நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வதுதான், முதல் மூன்று நான்கு மாதம் கிளப் ரைபிளில் சுடட்டும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் ஒரு ரைபிள் கிளப்பையோ பயிற்சி மையத்தையோ விசாரித்து, மாவட்ட அல்லது மாநிலச் சங்கத்தோடு இணைந்ததா என்று கேட்டுச் சேருங்கள். பின்னால் போட்டிக்குப் போக அந்த இணைப்பு வேண்டும். கிளப் ரைபிள் பழையதாக, பல கைகள் பட்டதாகத்தான் இருக்கும். பரவாயில்லை. இந்த மாதங்களில் இரண்டு விஷயம் தெரிந்துவிடும். ஒன்று, அவளுக்கு இது உண்மையிலேயே பிடிக்கிறதா என்பது. டிவியில் பார்ப்பது கடைசி அரை மணி நேரம். நிஜத்தில் இது ஒரே இடத்தில் நின்று, ஒரே அசைவை நூறு முறை திரும்பச் செய்யும் விளையாட்டு. சில பிள்ளைகளுக்கு இரண்டாவது வாரமே போதும் என்றாகிவிடும், அதில் தப்பில்லை. இன்னொன்று, எந்த அளவு ரைபிள் அவள் உடம்புக்குப் பொருந்தும் என்பது. அதைக் கடையில் ஐந்து நிமிடம் தூக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது.

கடைக்காரர் காட்டிய டெலஸ்கோப் ஏர் கன்னை இப்போதே தள்ளிவிடலாம். 10 மீட்டர் போட்டியில் டெலஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. அதில் பழகிய பிள்ளை பிறகு பீப் சைட்டுக்கு, அதாவது சின்னத் துளை வழியே குறி பார்க்கும் முறைக்கு, வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த மாதிரி ஏர் கன்களை வாங்குகிறவர்கள் பலர் அதை எடுத்துக்கொண்டு நேரே மரத்தடிக்குத்தான் போகிறார்கள். பறவைகளைச் சுடுவது 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி குற்றம். கையில் இருப்பது லைசென்ஸ் தேவைப்படாத துப்பாக்கி என்பதால் அது குற்றமில்லாமல் போய்விடாது.

மீதி இரண்டு வகை. ஒன்று ஸ்பிரிங் ரைபிள். பேரலை, அதாவது குழலை, மடக்கி இழுத்தால் உள்ளே ஸ்பிரிங் இறுகும், ட்ரிகரை அழுத்தினால் அது பிஸ்டனைத் தள்ளி, காற்று பெல்லட்டை வெளியே அனுப்பும். சில ஆயிரங்களில் தொடங்கி விலை, இந்தியாவிலேயே தயாராகிறது. பிரீசிஹோல் நிறுவனத்தின் எஸ்எக்ஸ் 100 இந்த வகைதான், நிறைய பேர் அதில்தான் தொடங்குகிறார்கள். மாவட்ட அளவில் ஓப்பன் சைட் (பீப் துளை இல்லாத சாதாரணக் குறி) ஏர் ரைபிள் என்று தனிப்பிரிவு நடத்துவதும் உண்டு. பட்ஜெட் குறைவு என்றால் இது கௌரவமான ஆரம்பம்தான். ஆனால் உங்கள் மகளுக்கு நான் தயங்குவேன். பேரலை மடக்கப் பெரியவர்களுக்கே நல்ல பலம் வேண்டும். 12 வயதுப் பிள்ளை அறுபது முறை மடக்குவதற்குள் தோளும் மணிக்கட்டும் துவண்டுவிடும், குறி பார்க்கத் தெம்பு எங்கிருந்து வரும்? மடக்கிய நிலையில் பெல்லட் போடும்போது பேரலை இன்னொரு கையால் பிடிக்காமல் விட்டு, அது அறைந்து மூடினால் விரல் போய்விடும். ட்ரிகரும் கனம். ஸ்பிரிங் பாயும்போது துப்பாக்கி முன்னும் பின்னும் உதைக்கும், பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே அந்த உதை தொடங்கிவிடும். அதனால் குண்டு தவறினால் தப்பு தன்னுடையதா துப்பாக்கியுடையதா என்று புதிதாகக் கற்பவருக்குத் தெரியாது. பெல்லட் இல்லாமல் சுட்டுப் பழகுவதும் இதில் கூடாது, பிஸ்டன் கெட்டுவிடும்.

இன்னொரு வகை பி.சி.பி. அழுத்திய காற்றை ஒரு சிலிண்டரில், வழக்கமாக 200 பார் வரை, நிரப்பி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் அதிலிருந்து அளந்த காற்று வெளியாகும். சின்ன லீவரை இழுத்தால் போதும், உதை கிட்டத்தட்ட இல்லை. போட்டி மாடல்களின் ட்ரிகர் நூறு கிராம் சுமாரில் விடுபடும். ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷுட்ஸ், ஸ்டெயர் என்று நீங்கள் கேள்விப்படும் பெயர்களெல்லாம் இந்த வகை. மேல்நிலை மாடல்கள் புதிதாக வாங்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். இதில் ட்ரை ஃபயர் என்றொரு வசதி இருக்கிறது. காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிகர் மட்டும் இயங்கும். பயிற்சியில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கும், நடக்க வேண்டும். சுவரில் ஒரு கரும்புள்ளி ஒட்டி, வீட்டுக்குள்ளேயே, ஒரு பெல்லட் செலவில்லாமல் பழகலாம். பி.சி.பி. வாங்கச் சொல்வதற்கு எனக்கு இதுவே முதல் காரணம்.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: அளவு. பிராண்டைப் பற்றிப் பத்துக் கேள்வி கேட்கிறவர்கள் ஸ்டாக்கின், அதாவது பிடித்துத் தோளில் வைக்கும் உடற்பகுதியின், நீளத்தைப் பற்றி ஒன்றுகூடக் கேட்பதில்லை. வளர்கிற பிள்ளைதானே என்று ஒரு சைஸ் பெரிதாகச் செருப்பு வாங்குவது போல ரைபிள் வாங்குகிறார்கள். பெரியவர்களுக்கான 10 மீட்டர் ரைபிள் சுமார் நாலு, நாலரை கிலோ இருக்கும். விதிப்படி ஐந்தரை கிலோ வரை போகலாம். எடை இருந்தால் துப்பாக்கி ஆடாது என்று சிலர் சொல்வார்கள், அது அறுபது கிலோ எடையுள்ளவருக்குப் பொருந்தும். 35 கிலோ எடையுள்ள பிள்ளை அதைத் தூக்கினால் இடுப்பை முன்னால் தள்ளி, முதுகை வில்லாகப் பின்னால் வளைக்கும். வளரும் முதுகெலும்பு அது. தினமும் ஒரு மணி நேரம் அப்படி நின்றால் வலி வரும், வலியைச் சமாளிக்க ஒரு தப்பான நிலை பழகும், அந்த நிலையை அப்புறம் மாற்றுவதற்குள் கோச்சுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். ஜூனியர் மாடல்கள் என்று தனியாக வருகின்றன, எடையும் நீளமும் குறைவு. அவளுக்கு அதுதான் பொருந்தும்.

பொருத்தம் பார்க்க நான் செய்யும் முறை இது. பிள்ளையைப் பக்கவாட்டில் நிற்கவைத்து, கண்ணை மூடச் சொல்வேன். ரைபிளைத் தோளில் வைத்து, ரைபிளை முன்னால் தாங்கும் கையின் முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, கன்னத்தைச் சீக் பீஸில் (ஸ்டாக்கில் கன்னம் சாயும் பகுதி) வைத்து வசதியாக நிற்கட்டும். பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வேன். பீப் சைட் துளை நேராகக் கண்ணுக்கு எதிரே இருக்க வேண்டும். துளையைத் தேடித் தலையைக் குனிகிறாள், கழுத்தை நீட்டுகிறாள் என்றால் சீக் பீஸோ, தோளில் பதியும் பின்தகடான பட் பிளேட்டோ சரியில்லை. ரைபிள்தான் முகத்துக்கு வர வேண்டும், முகம் ரைபிளுக்குப் போகக் கூடாது. ட்ரிகர் விரலின் நுனிச்சதை நேராகப் பின்னால் இழுக்கும்படி அமைய வேண்டும். பிடிக்கு எட்டாமல் மணிக்கட்டை வளைத்தால் ஸ்டாக் நீளம் அதிகம். தாங்கும் கையில் தசை இறுகி நடுங்கினால் எடை அதிகம், எலும்பின் மேல் பாரம் இறங்கவில்லை என்று அர்த்தம். ஆகவே, பட் பிளேட்டை நீட்டவும் சுருக்கவும், சீக் பீஸை ஏற்றி இறக்கவும் முடிகிற மாடலாகப் பாருங்கள். அவள் வளர வளர ரைபிளும் வளரும், நாலைந்து வருடம் தாங்கும்.

இடது கை விஷயம். எழுதும் கை எது என்பதைவிட எந்தக் கண் முந்துகிறது என்பதுதான் இங்கே முக்கியம். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கிடையே ஒரு சின்ன முக்கோண ஓட்டை அமைத்து, தூரத்தில் உள்ள சுவர்க்கடிகாரத்தை இரண்டு கண்ணாலும் அதன் வழியே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடட்டும். எந்தக் கண் மட்டும் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள் இருக்கிறதோ, அதுவே முந்தும் கண். இடது கையும் இடது கண்ணும் சேர்ந்தால் யோசனையே வேண்டாம், இடது பக்கம் சுடட்டும். வலக்கைக்கான பிடி போட்ட ரைபிளைக் கொடுத்து “பழகிக்கோ” என்று சொல்லிவிடாதீர்கள். இருகைக்கும் பொதுவான ஸ்டாக் கொண்ட ஜூனியர் மாடல்கள் உண்டு, சிலவற்றில் லோடிங் லீவரையும் பக்கம் மாற்றலாம். கையும் கண்ணும் மாறி இருந்தால் கோச் பார்த்து முடிவு செய்யட்டும். பெரும்பாலும் கண் பக்கம்தான் போவோம். தேவைப்பட்டால் மற்றக் கண்ணுக்கு முன்னால் ஒரு சின்ன மறைப்பு போட்டுக்கொள்ளலாம், விதியில் அதற்கு இடமுண்டு.

சரி, 1,20,000 ரூபாய் ரைபிள். பழைய ரைபிள் வாங்குவதில் தவறே இல்லை. நல்ல மாடலின் பேரல் லட்சக்கணக்கான குண்டுகளைத் தாங்கும். ஆனால் சிலிண்டருக்கு ஆயுள் உண்டு. தயாரித்த தேதி சிலிண்டரிலேயே பொறித்திருக்கும், வழக்கமாக அதிலிருந்து பத்து வருடம். அதற்கு மேல் அதைப் பயன்படுத்துவது ஆபத்து, போட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். புது சிலிண்டர் என்றால் அதுவே தனிச் செலவு. விற்கிறவர் மகன் எத்தனை வயதில், எவ்வளவு உயரத்தில் அதைச் சுட்டான் என்று கேளுங்கள். கல்லூரிப் பையனின் முழு அளவு ரைபிள் என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் இப்போது அவளுக்கு ஆகாது. வலக்கைப் பிடியாகவும் இருக்கலாம், அதையும் பாருங்கள். முன், பின் சைட் இரண்டும் கூடவே வருகிறதா, காற்று நிரப்பும் அடாப்டர் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். இவையெல்லாம் தனியாக வாங்கப் போனால் விலை வலிக்கும். சிலிண்டரை நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால் அழுத்தம் காட்டும் கேஜ் இறங்குகிறதா என்று தெரியும், இறங்கினால் சீல் போய்விட்டது. கடைசியாக, கோச் அதை மேசையில் ஊன்றி 10 மீட்டரில் ஐந்து குண்டு சுடட்டும். ஐந்தும் ஏறக்குறைய ஒரே ஓட்டையில் விழ வேண்டும். சிதறினால் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். தலையளவு 4.49, 4.50, 4.51 என்று பெல்லட்கள் வரும், ஒவ்வொரு பேரலுக்கும் ஒன்று ஒத்துப்போகும். டார்கெட்டின் பத்துப் புள்ளியே அரை மில்லிமீட்டர்தான், ஆகவே இதை நுணுக்கம் பார்க்கிறோம் என்று நினைக்காதீர்கள். தட்டையான தலை கொண்ட மேட்ச் பெல்லட்டாக வாங்குங்கள், அட்டையில் ஓட்டை சுத்தமாக விழும்.

ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் உடனே வேண்டாம். விறைப்பான ஜாக்கெட் முதுகைத் தாங்கிப் பிடிக்கும், ஸ்கோர் சட்டென்று ஏறும். அதனாலேயே ஆரம்பத்தில் அது இல்லாமல் நிற்கப் பழகுவது நல்லது. ஒரு வருடத்தில் சின்னதாகிவிடும் உடைக்குப் பணம் போடுவதைவிட, கிளப்பில் இருப்பதைக் கடன் வாங்கலாம்.

உங்கள் மனைவியின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏர் ரைபிள் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும். கண்ணில் பட்டால் கண் போய்விடும். ரைபிள் பெட்டிக்குள், பூட்டி, சாவி பெரியவர்களிடம். பெல்லட் வேறு அலமாரியில், பூட்டி. இந்த ஏற்பாடு முதல் நாளே இருக்க வேண்டும். ரேஞ்சை விட்டு எடுத்து வரும்போது பேரலுக்குள் பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும், பளிச்சென்ற நிறத்தில் ஒரு நைலான் இழை, உள்ளே குண்டில்லை என்பதற்கு அடையாளம். வீட்டில் ட்ரை ஃபயர் மட்டும், அதுவும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்கும்போது, பெல்லட் டப்பா அந்த அறைக்குள்ளேயே வராமல். மொட்டை மாடியில் டப்பா வைத்துச் சுடுவது, உறவுக்காரப் பிள்ளைகள் வந்தால் எடுத்துக் காட்டுவது, இரண்டும் கிடையாது. பெல்லட் ஈயம் என்பதால் சுட்ட பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. மனைவியை ஒருமுறை ரேஞ்சுக்குக் கூட்டிப் போங்கள். கோச் “ஸ்டாப்” என்றதும் அத்தனை பிள்ளைகளும் ரைபிளைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாங்குவதை அவர் நேரில் பார்க்கட்டும். அதன் பிறகும் வீட்டில் வேண்டாம் என்றால், கிளப்பிலேயே பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ட்ரை ஃபயர் பயிற்சி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

தெரிந்தவருக்கு இப்போதே முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். சிலிண்டரில் உள்ள தேதியையும், பட் பிளேட்டை முழுவதும் சுருக்கிய நிலையில் ரைபிளின் பக்கவாட்டுத் தோற்றத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மகளின் உயரம், எடை, முந்தும் கண் எது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதினால், அந்த ரைபிளைப் போய்ப் பார்ப்பது வீண் அலைச்சலா இல்லையா என்று சொல்லிவிடுகிறேன்.